வெள்ளைக் கையுறை அணிந்து அடிக்கவும்

என்னை ஒவ்வொரு வசந்த காலத்திலும் இரண்டு தடவை கொல்வார்கள். காலையில் பான்கேக் விருந்து முடிந்ததும் ஒரு தடவை. மதியம் ஆட்டுக்கு மயிர் கத்தரித்துக் காட்டிய பிறகு இன்னொரு தடவை. மழை பெய்தால் கொட்டகைக்குள் வைத்துக் கொல்வார்கள். இதற்காக நான் யார் மேலும் வருத்தப்பட்டதில்லை. எங்கள் பிராம்வெல் மியூசியத்தின் பண்ணைத் திருவிழாவில் ஆளுக்கு ஒரு வேலை உண்டு. என் மனைவி நோரீன் எலுமிச்சை ஜூஸ் ஊற்றுவாள். பாதிரியார் டிராக்டருக்குப் பின்னால் வைக்கோல் வண்டியைக் கட்டிக் குழந்தைகளை இழுத்துக்கொண்டு சுற்றுவார். நான் சாவேன்.

என்னைக் கொல்பவன் மெர்ல் டகெட், அடுத்த பண்ணைக்காரன். அவன் கொல்வதற்கும் நான் சாவதற்கும் காரணம் எங்கள் முன்னோர்கள். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு வந்த ஒரு வசந்தத்தில் என் பாட்டனுக்குப் பாட்டன் காட்லீப் ஃபிஸ்டர் வளர்த்த பன்றி, சைலஸ் டகெட்டின் ஓட்ஸ் வயலில் புகுந்தது. சைலஸ் அப்போது பெரிய மரக் கொட்டாப்புளியால் வேலிக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். பன்றியை ஓட்டிப்போக காட்லீப் வந்தார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. முளை மேல் இறங்க வேண்டிய கொட்டாப்புளி காட்லீப்பின் தலை மேல் இறங்கியது. அவர் அங்கேயே சேற்றில் விழுந்து செத்துப்போனார். பன்றி நெடுநாள் வாழ்ந்து நிறையக் குட்டி போட்டது.

ஒஹாயோ மாநிலத்தில் எங்கள் ஊருக்கென்று இருக்கும் வரலாறு இவ்வளவுதான். ரயில் பக்கத்து ஊர் வழியாகப் போய்விட்டது. எந்த ஜனாதிபதியும் இங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. ஆகவே மியூசியத்தில் ஓர் அறை நிறைய வெண்ணெய் கடையும் பீப்பாய்கள், பஞ்சு அடைத்த இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி ஒன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கொட்டாப்புளி. இவற்றைப் பார்த்து முடிக்க ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரம் போதும்.

இரண்டு குடும்பமும் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தன. அப்புறம் ஒரு குளிர்காலத்தில் டகெட் கொட்டகை தீப்பிடித்தபோது எங்கள் ஆட்கள் வாளி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அத்தோடு பகை முடிந்தது. மெர்லிடம் புல் கட்டும் மெஷின் இருக்கிறது, அதை இழுக்கிற அளவுக்குத் தெம்பான டிராக்டர் என்னிடம் இருக்கிறது. ஒருவன் இல்லாமல் இன்னொருவனுக்குக் குளிர்காலத் தீவனம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், தினமும் காலையில் மாடு கறந்து முடித்ததும் மெர்ல் என் சமையலறைக்கு வருவான். காப்பியை ஒரு வாய் குடிப்பான். "இது காப்பியாடா, மாடு கழுவின தண்ணியா?" என்பான். பிறகு இரண்டு கோப்பை குடிப்பான். எனக்கு உலகத்தில் வேறு நண்பன் கிடையாது. தேவையும் படவில்லை.

ஆரம்ப வருடங்களில் மெர்ல் என்னைத் துடைப்பக் கட்டையால்தான் கொல்வான். அதற்கும் சாக்குத் துணி சுற்றியிருக்கும். தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, "சீக்கிரம் விழுடா, பசிக்குது" என்று காதோடு சொல்வான். விழுவேன். ஜனங்கள் கை தட்டிவிட்டு சாசேஜ் வாங்கப் போவார்கள். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. குறை இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய நகரத்திலிருந்து, பெரிய படிப்புப் படித்த ஒரு டைரக்டரம்மா மியூசியத்தை நடத்த வந்து சேர்ந்தார். கான்ஸ்டன்ஸ் ஹார்ட்ரிஜ் என்று பெயர்.

வந்ததும் கமிட்டியைக் கூட்டினார். "ஜனங்க இங்க ஒரு சாவைப் பாக்கறாங்க. சரி. ஆனா அதை உணர்றாங்களா?" என்று கேட்டார்.

கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வரலாற்றுச் சங்கத் தலைவர் எல்வுட் க்ரேன், எங்கள் ஊர்ப் பல் டாக்டர், மேஜையைத் தட்டினார். "இதைத்தான் நானும் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன்." அவர் யோசித்து நாங்கள் பார்த்ததில்லை. ஆனாலும் தீர்மானம் நிறைவேறியது.

முதலில் ரத்தம் வந்தது. தக்காளி சாஸ் வரலாற்றுக்குப் பொருந்தாது என்று, கசாப்புக் கடையிலிருந்து பன்றி ரத்தம் வாங்கி ஒரு பையில் ஊற்றி என் தொப்பிக்குள் வைத்தார்கள். மெர்ல் அடித்ததும் அது உடைந்து என் முகமெல்லாம் வழிந்தது. முன்வரிசையில் மூன்று குழந்தைகள் வாந்தி எடுத்தன. டைரக்டரம்மா ஆனந்தக் கண்ணீரோடு, "உணர்ந்துட்டாங்க!" என்றார். அன்று சாயந்திரம் ஊர் நாய்கள் எல்லாம் என் வண்டிக்குப் பின்னாலேயே வீடு வரை வந்தன.

அடுத்த வருடம் துடைப்பக் கட்டை போய் அசல் கொட்டாப்புளி வந்தது. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து அதை வெளியே எடுத்தார்கள்.

"மேடம், இது நெஜமாவே ஆளைக் கொன்னதுதானே?" என்று கேட்டேன்.

"அதேதான், லைல். அதனாலதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். மனுஷன் கையில எண்ணெய்ப் பசை இருக்கு, உப்பு இருக்கு. பழைய மரத்துக்கு ஆகாது. வெள்ளைக் கையுறை போடாம யாரும் இதைத் தொடவே கூடாது. நம்ம மியூசியத்தோட முதல் விதியே அதுதான்."

"சரிங்க மேடம். என் தலைக்கு?"

"உங்க தலைக்கென்ன? உங்க தலை நம்ம சேகரிப்புல இல்லையே."

அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

ஆக, மெர்ல் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு என்னைக் கொல்ல வந்தான். கல்யாணத்தில் கேக் வெட்டப் போகிறவன் போல் இருந்தான். வழுவழுவென்று தேய்ந்த பழைய கைப்பிடி, வழுக்குகிற பருத்தித் துணி. அவன் ஓங்கினான். கொட்டாப்புளி கையை விட்டு நழுவி, என் தலைக்கு மேலே, நோரீனின் ஜூஸ் பானைக்கு மேலே பறந்து, பழப் பணியார மேஜையை உடைத்துக்கொண்டு போய், அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த ஆர்வில் கிழவரின் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அக்கார்டியன் கடைசியாக ஒரு தடவை ஊளையிட்டு நின்றது.

டைரக்டரம்மா ஓடினார். ஆர்விலைத் தாண்டி ஓடினார். கொட்டாப்புளியின் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, "ஐயோ, அடிபட்டிருக்கே! கைப்பிடியில கீறல் விழுந்திருக்கே!" என்று அழுதார். தீயணைப்பு வண்டியில் இருந்தது ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர். அதில் வெள்ளைத் துணி விரித்து, நான்கு பேர் கையுறை போட்டு, கொட்டாப்புளியைப் படுக்க வைத்துத் தூக்கிப் போனார்கள். ஆர்விலை எரு அள்ளும் தள்ளுவண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனோம்.

அதற்கடுத்த வருடம் தாய்மார்களிடமிருந்து ஒரு புகார் வந்தது. மியூசியத்தில் எதைப் பார்த்தாலும் 'தொடாதீர்' என்று எழுதியிருக்கிறது, குழந்தைகள் தொட்டுப் பார்க்க ஒன்றுமே இல்லையாம். கமிட்டி தீவிரமாகத் தேடியது. பீப்பாய்க்கு நம்பர் ஒட்டியாகிவிட்டது. நம்பர் ஒட்டிய பொருளைத் தொடக்கூடாது. கன்றுக்குட்டிக்குத் தலைக்கு ஒன்றாக நம்பர் இருந்தது. நம்பர் ஒட்டாத ஒரே பொருள் நான். ஆகவே செத்து விழுந்த பிறகு என் கழுத்தில் 'இங்கே தொடலாம்' என்று ஒரு பலகை மாட்டினார்கள்.

குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு வெண்ணெய் கடையும் தடி கொடுக்கப்பட்டது.

"அம்மா, இது மூச்சு விடுது," என்றாள் ஒரு சின்னப் பெண்.

"செத்தவங்க அப்படித்தான் பண்ணுவாங்க. நீ பயப்படாம குத்து கண்ணு. இல்ல இல்ல, கண்ணுல வேண்டாம். வயித்துல குத்து. ஆங், சமத்து."

அன்றைக்கு வீட்டில் நோரீன் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "செத்ததுக்கப்புறமும் அடி வாங்கற ஆம்பளைய இப்பத்தாங்க பாக்கறேன்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. விலா வலித்ததால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

இதெல்லாம் உடம்போடு போயிற்று. மெர்லுக்கு விழுந்த அடிதான் வேறு இடத்தில் விழுந்தது.

டைரக்டரம்மா நுழைவாயிலில் ஒரு பெரிய விவரப் பலகை வைத்தார். 'சைலஸ் டகெட்: முரடன், குடிகாரன், கொலைகாரன். இவனுடைய வம்சத்தினர் இன்றும் இவ்வூரில் வசிக்கின்றனர்.' அதன் கீழே மெர்லின் போட்டோ. டகெட் மேடைக்கு வரும்போது எப்படி ஊளையிடுவது என்று காலையிலேயே குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கும். நல்ல பயிற்சி. திருவிழா முடிந்தும் மறக்கவில்லை. தீவனக் கடையில் மெர்லைப் பார்த்து ஊளையிட்டார்கள். சர்ச்சில் அவன் உட்காரும் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஒரு திருவிழாவில் முழுசாக ஒரு பழப் பணியாரத்தை எடுத்து எவனோ அவன் மூஞ்சியில் அடித்தான். மெர்ல் உதட்டை நக்கிப் பார்த்து, "சர்க்கரை பத்தல," என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அதற்கடுத்த வருடமும் பணியாரத்தால் அடித்தபோது அவன் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வந்து காப்பி குடித்தான். காப்பியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வேண்டுமென்றே இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். அதையும் பேசாமல் குடித்தான்.

ஒரு நாள் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சைலஸ் குடிகாரர்னு எவன்டா சொன்னான்? அவர் மெதடிஸ்ட் சர்ச் ஆளு. ஒரு சொட்டு தொட மாட்டார். உன் பாட்டன் பன்னி அந்த வசந்தத்துல மூணு தடவை எங்க ஓட்ஸ்ல பூந்துச்சு. அந்த ஓட்ஸ் இல்லைன்னா குளிர்காலத்துக்கு அவர் வீட்டுல சோறு கிடையாது. கொன்னது சரின்னு நான் சொல்லல. அந்த ஓட்ஸைப் பத்தி ஒரு வரி போடச் சொல்லுடா. போதும்."

"நீயே கேக்கலாமேடா."

"நான் கேட்டா கொலைகாரன் பேசறான்னு சொல்லுவாங்க. நீ செத்தவன். உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும்."

போனேன். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கமிட்டி முன்னால் நின்று, ஓட்ஸ் பற்றி ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் க்ரேன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லைல், உன் மனசு எனக்குப் புரியுது. ஆனா பலகையில ஓட்ஸுக்கு இடம் குடுத்தா ஜனங்க நின்னு யோசிப்பாங்க. யோசிக்கற கூட்டம் நகராது. நகராத கூட்டம் பான்கேக் வாங்காது. இது வரலாற்றுச் சங்கம்ப்பா. நியாயம் வேணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும்."

டைரக்டரம்மா இன்னும் பொறுமையாக விளக்கினார். "இது குடும்பங்க வர்ற இடம், லைல். யாரை வெறுக்கணும்னு குழந்தைகளுக்குத் தெளிவா சொல்லிடணும். ரெண்டு பக்கமும் சொன்னா பாவம், ராத்திரி தூங்காதுங்க." சொல்லிவிட்டு சட்டென்று நிறுத்தினார். கண் விரிந்தது. "ரெண்டு பக்கம்... அட, ரெண்டு பக்கம்! லைல், என்ன அருமையான யோசனை!"

நான் என்ன யோசனை சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

திருவிழா நாளில் வாசலில் ரிப்பன் குத்தினார்கள். முதல் ஆளுக்கு நீலம், அவர் ஃபிஸ்டர் கட்சி. அடுத்த ஆளுக்குச் சிவப்பு, அவர் டகெட் கட்சி. குடும்பமாக வந்தால் புருஷனுக்கு நீலம், பெண்டாட்டிக்குச் சிவப்பு, பெரிய பிள்ளைக்கு நீலம், கைக்குழந்தைக்குச் சிவப்பு. 'குடும்பப் பங்கேற்பு' என்று அதற்குப் பெயர். பான்கேக்குக்கு இரண்டு வரிசை. ஜூஸுக்கு இரண்டு பானை. நோரீனிடம் சிவப்பு ரிப்பனைக் கொடுத்துவிட்டார்கள். "உங்களைக் கொல்றதுக்கு நான் கை தட்டணுமாம்," என்றாள்.

முந்தின நாள் மழை. களமெல்லாம் சேறு. நடுவில் கொஞ்சம் ஓட்ஸ் நாற்று நட்டு, மேய ஒரு நிஜப் பன்றியையும் விட்டிருந்தார்கள். நானும் மெர்லும் எதிரெதிரே நின்றோம். அவன் வெள்ளைக் கையுறையோடு கொட்டாப்புளியைப் பிடித்திருந்தான். டைரக்டரம்மா வைக்கோல் வண்டி மேல் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"அன்பான குடும்பங்களே! இன்னைக்கு நீங்க வரலாற்றைப் பாக்க வரல. வரலாறாவே ஆக வந்திருக்கீங்க! பக்கத்துல நிக்கறவங்க ரிப்பனைப் பாருங்க. வேற கலரா? ஏன்னு அவங்களையே கேளுங்க! இந்த அற்புதமான யோசனைய நமக்குக் குடுத்தவர் வேற யாருமில்ல, நம்ம லைல் ஃபிஸ்டர்தான்! எல்லாரும் ஒரு தடவை கை தட்டுங்க!"

மெர்ல் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

ஜனங்கள் அதற்குள் ஏன் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்தி புருஷனின் ரிப்பனைப் பிடித்து இழுத்தாள். சட்டையும் சேர்ந்து கிழிந்தது. அவன் மேப்பிள் பாகு ஜாடியைத் தூக்கி அவள் தம்பியின் மண்டையில் போட்டான். ஜாடி உடைந்து பாகும் ரத்தமும் ஒன்றாக வழிந்தன. தொப்பியும் ஏப்ரனுமாகப் பழங்காலத்துப் பாட்டி வேஷம் போட்டிருந்த தொண்டர் அம்மாக்கள், ரொட்டி உருட்டும் கட்டையைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் வருடம் பூராவும் எதையும் அடிக்காமல் கையை அடக்கி வைத்திருந்தவர்கள். பாதி மயிர் கத்தரித்த ஆடு ஒன்று கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடியது. பாதிரியாரின் டிராக்டர் பழப் பணியாரக் கடைக்குள் புகுந்தது. பாதிரியார் இறங்கி, நீல ரிப்பன் குத்திய கையை மடக்கி, சிவப்பு ரிப்பன் குத்திய தபால்காரரின் மூக்கில் ஒன்று வைத்தார். டைரக்டரம்மா மைக்கில், "உணருங்க! நல்லா உணருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

எங்களைச் சுற்றி மட்டும் வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். பாதிப் பேர் ஊளையிட்டார்கள். மீதிப் பேர் "கொல்லு! கொல்லு!" என்றார்கள்.

"உன் யோசனையாடா இது?" என்றான் மெர்ல்.

"நான் ஓட்ஸைத்தான்டா கேட்டேன். சத்தியமா ஓட்ஸை மட்டும்தான்டா..."

அவன் காதில் அது விழுந்திருக்காது. ஓங்கினான். இந்தத் தடவை "விழுடா" என்று சொல்லவில்லை. கையுறையில் கைப்பிடி நழுவியது. நழுவாமல் இருந்திருந்தால் நான் காட்லீப் போன இடத்துக்கே போயிருப்பேன். தலைக்கு வந்தது சறுக்கி வாயில் பட்டது. முன்பல் ஒன்று கழன்று தொண்டை வரை போய், ரத்தத்தோடு சேற்றில் விழுந்தது.

விழுந்தவன் எழுந்தேன். நான் எழுந்து இந்த ஊர் பார்த்ததில்லை. முன்வரிசை ஒரு நிமிடம் ஊளையை நிறுத்தியது. கொட்டாப்புளி என் காலடியில் கிடந்தது. அந்த நேரத்தில் நான் எதையாவது யோசித்தேன் என்று சொன்னால் பொய். எடுத்தேன். அடித்தேன். மெர்லின் காறை எலும்பு காய்ந்த வேலிக் கம்பு போல முறிந்தது. அவன் சேற்றில் உட்கார்ந்து, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். பன்றி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று ஓட்ஸ் தின்றுகொண்டிருந்தது.

அப்போது டைரக்டரம்மா அலறினார். அந்த மாதிரி அலறலை நான் மாட்டுப் பிரசவத்தில்கூடக் கேட்டதில்லை.

"வெறுங்கை! வெறுங்கையால தொட்டுட்டார்!"

சண்டை அப்படியே நின்றது. ஒருவர் மயிரை ஒருவர் பிடித்திருந்தவர்கள் பிடித்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் அருவருப்பு. மூக்கில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்த போலீஸ்காரர் என் அருகில் வந்து தாழ்ந்த குரலில், "என்ன சார் நீங்க? இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவர். கையுறை போடணும்னு தெரியாதா?" என்றார். எனக்கு மியூசியப் பொருட்களைத் தொட ஆயுள் தடை விதித்தார்கள். மெர்லின் எலும்பைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவன் அடித்தது விதிப்படி கையுறை போட்டு அடித்தது, ஆகவே என் பல்லைப் பற்றியும் பேச்சில்லை.

டாக்டர் க்ரேன் மட்டும் சேற்றில் குனிந்து இடுக்கியால் என் பல்லை எடுத்தார். அவரிடம் ஓடினேன்.

"டாக்டர், உடனே வெச்சா பல்லு ஒட்டிக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க? வெச்சிடுங்களேன்."

"ஒட்டிக்கும்தான், லைல்," என்றார் வருத்தமாக. "ஆனா நம்பர் போட்டாச்சே."

அந்தக் கோடை எனக்குக் கெட்ட கோடை. மெர்ல் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவன் மெஷின் அவன் கொட்டகையில் நின்றது, என் டிராக்டர் என் கொட்டகையில் நின்றது, இரண்டு பேர் புல்லும் வயலில் அழுகியது. தினமும் காலையில் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிடுவேன். பாதியைச் சாக்கடையில் ஊற்றுவேன்.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுத்தான் வாங்களேன்," என்பாள் நோரீன்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கறது ஒரு மூஞ்சிதான். அதுலயும் ஒரு பல்லு கொறைவு. அதைத்தான் கொண்டு போகணும்."

போகவில்லை. வெட்கமாக இருந்தது. என் கையில் அந்த எலும்பு முறிந்த உணர்வு போகவே இல்லை. அவனும் வரவில்லை. குளிர்காலத்தில் ஒரு தடவை ரோட்டில் எதிரெதிரே வண்டியில் போனோம். இரண்டு பேரும் பனியைப் பார்த்துக்கொண்டு போனோம்.

மியூசியம் நன்றாக இருந்தது. பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வந்தார்கள். வசந்தம் வந்ததும் புதுக் கண்காட்சி திறந்தார்கள், 'இரண்டாம் பன்றிச் சண்டை' என்று. டிக்கெட் வாங்கினால் நானும் பார்க்கலாம், பான்ட் பையிலிருந்து கையை வெளியே எடுக்கக் கூடாது என்றார்கள். திறப்பு நாளன்று போனேன். என் பல்லைப் பார்க்கத்தான் போனேன் என்று நோரீனிடம் சொன்னேன்.

உள்ளே வேறு யாரும் இல்லை. கண்ணாடிப் பெட்டி முன்னால் மெர்ல் மட்டும் நின்றிருந்தான்.

பெட்டிக்குள் நீல வெல்வெட் மேல் என் பல். பக்கத்தில் ரத்தம் காய்ந்த கையுறை. மெர்லின் எலும்பு எக்ஸ்ரே படம், பின்னால் விளக்கு எரிந்தது. பெட்டிக்கு வெளியே ஒரு மேடையில் கொட்டாப்புளி, அதன் கீழே தொண்டர்களுக்காக ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புதுக் கையுறைகள். எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: 'ஃபிஸ்டர், டகெட் குடும்பத்தினர் இன்று வரை ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை.'

அவன் பக்கத்தில் போய் நின்றேன். மெர்ல் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"உன் பல்லு இவ்வளவு மஞ்சளாடா?"

"காப்பிக் கறை."

"அதெல்லாம் ஒரு காப்பியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். டைரக்டரம்மா கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தார், டாக்டர் க்ரேனும் போலீஸ்காரரும் கூடவே வந்தார்கள்.

"தயவுசெஞ்சு இங்க பேசாதீங்க! தகடு அடிச்சாச்சு. பித்தளை. மாத்த முடியாது. நீங்க பேசினா அது பொய்யாயிடும்!"

"பேசிட்டுத்தானே இருக்கோம் மேடம்," என்றேன்.

"வெளிய போய்ப் பேசுங்க. இல்ல, வெளியவும் வேண்டாம், பஸ் வந்துட்டுது. ஒரு அஞ்சு வருஷம் பொறுத்துக்கோங்க. கண்காட்சி முடிஞ்சதும் எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க."

பஸ்ஸிலிருந்து இறங்கிய குடும்பங்கள் உள்ளே வர ஆரம்பித்தன. குழந்தைகள் மெர்லைப் பார்த்து, பலகையில் இருந்த போட்டோவைப் பார்த்து, ஊளையிட்டார்கள்.

மெர்ல் குனிந்து அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு ஜோடி கையுறை எடுத்தான். விரல் விரலாக நிதானமாகப் போட்டுக்கொண்டான். இன்னொரு ஜோடியை என்னிடம் நீட்டினான்.

"போட்டுக்கடா. விதின்னா விதிதான்."

போட்டுக்கொண்டேன். அவனால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. ஆகவே கொட்டாப்புளியை இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தோம். நான்கு கை பிடித்ததால் நழுவவில்லை.

முதல் அடி பித்தளைத் தகட்டுக்கு. அது மடங்கிக் கீழே விழுந்தது. இரண்டாவது அடியில் கண்ணாடிப் பெட்டி நொறுங்கியது. எக்ஸ்ரே விளக்கு வெடித்துப் புகைந்தது. வாசலில் இருந்த சைலஸின் பலகையை நான்கு துண்டாக்கினோம். வெண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக உடைத்தோம். காய்ந்த பலகைகள் கூரை வரை பறந்தன. கன்றுக்குட்டிக்கு முதலில் இடது தலை, பிறகு வலது தலை. மெர்ல் ஒவ்வொரு அடிக்கும் "ஓட்ஸ்!" என்று கத்தினான். நானும் கத்தினேன். உள்ளிருந்த பஞ்சு பனி மாதிரி எல்லோர் மேலும் விழுந்தது.

டைரக்டரம்மா அலற வாயைத் திறந்தவர், எங்கள் கைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். போலீஸ்காரர் இடுப்பில் கையை வைத்தார், எங்கள் கைகளைப் பார்த்தார், டாக்டர் க்ரேனைப் பார்த்தார்.

"என்ன பண்றது டாக்டர்?"

"கையுறை போட்டிருக்காங்களேப்பா," என்றார் டாக்டர் க்ரேன் பரிதாபமாக.

பஸ்ஸில் வந்தவர்கள் கை தட்டினார்கள். இவ்வளவு நல்ல மியூசியத்தைப் பார்த்ததே இல்லை என்று ஒரு அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. டைரக்டரம்மா அந்தக் கை தட்டலைக் கேட்டார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது. கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு எங்கள் அருகில் வந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், ரகசியமாகக் கேட்டார்.

"லைல், மெர்ல்... மத்தியானம் இன்னொரு பஸ் வருது. இதையே இன்னொரு தடவை பண்ண முடியுமா?"

மெர்ல் கையுறைகளைக் கழற்றினான். ஒன்றின் மேல் ஒன்றாக மடித்து அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்தான். நானும் வைத்தேன். தரையில் கிடந்த பல்லை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"வீட்ல காப்பி இருக்காடா?" என்றான்.

"இருக்கு."

"நல்லா இருக்குமா?"

"இருக்காது."

"சரி, நட."